எஃகில் பொறித்த எழுத்துக்கு நிறம் எதற்கு?

துப்பாக்கியின் பாதுகாப்பு விசைக்கு அருகே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் சில எழுத்துகள் இருக்கும். அவற்றின் குழிகளுக்குள் ஒரு துளி வெள்ளை, ஒரு துளி சிவப்பு. அந்தத் துளிச் சாயத்துக்குள் பரப்பு இழுவிசை, பலபடி வேதியியல், கண்ணின் இரவுப் பார்வை, தடயவியல் என நான்கு பாடங்கள் அடங்கியிருக்கின்றன.

மாணவர்களே, பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் வெர்னியர் அளவியை ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். அதன் கோடுகளும் எண்களும் எஃகின் மேல் அச்சடிக்கப்பட்டவை போலத் தெரியும். நகத்தால் மெல்ல வருடினால் உண்மை தெரிந்துவிடும். முதலில் கோடு குழியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு அந்தக் குழிக்குள் கறுப்புச் சாயம் நிரப்பப்பட்டிருக்கிறது. கேமரா வில்லையைச் சுற்றியுள்ள எண்கள், கடைசல் இயந்திரத்தின் கைப்பிடியில் உள்ள அளவுகள், பெயர்ப்பலகைகள் ஆகியவற்றிலும் இதே முறையைக் காணலாம்.

இந்த முறையில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் உயிரே போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் துப்பாக்கி. எனவே அதையே இந்த வாரம் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று எழுத்து, இரண்டு நிறம்

ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரில் உள்ள ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் ஜி3 என்ற துப்பாக்கியைத் தயாரித்தது. மேற்கு ஜெர்மனி ராணுவம் அதை 1959இல் ஏற்றுக்கொண்டது. அதன் விசைக்கு மேலே ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைச் சுற்றி எஸ், இ, எஃப் என்று மூன்று எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் 'ஸிஹர்', அதாவது பாதுகாப்பு நிலை. இ என்றால் ஒவ்வொரு குண்டாகச் சுடும் நிலை. எஃப் என்றால் தொடர்ந்து சுடும் நிலை. எஸ் வெள்ளையிலும் மற்ற இரண்டும் சிவப்பிலும் இருக்கும்.

ஜெர்மன் மொழி தெரியாதவர் என்ன செய்வார்? அதே நிறுவனம் பிற்காலத்தில் எழுத்துகளுக்குப் பதிலாகப் படங்களையும் பயன்படுத்தியது. குறுக்கே அடிக்கப்பட்ட வெள்ளைக் குண்டு பாதுகாப்பு நிலையைக் காட்டும். ஒரு சிவப்புக் குண்டு ஒற்றைச் சூட்டைக் காட்டும். வரிசையாகப் பல சிவப்புக் குண்டுகள் தொடர் சூட்டைக் காட்டும். எந்த மொழி பேசுபவருக்கும் இது புரியும்.

கறுப்பு உலோகத்தில் வெறும் குழியாக மட்டும் எழுத்து இருந்தால் போதாதா? போதாது. துப்பாக்கியின் எஃகுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு வேதிக்குளியல் கொடுப்பார்கள். அதனால் மேற்பரப்பில் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாக உருவாகும். எழுத்து பொறித்த பிறகு இந்தக் குளியல் நடந்தால் குழியின் அடியும் கறுப்பு, அதைச் சுற்றியுள்ள பரப்பும் கறுப்பு. அப்போது எழுத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல் மட்டும்தான். ஒளி பக்கவாட்டில் விழுந்தால் குழியின் ஒரு விளிம்பு மின்னும், மறு விளிம்பு இருளும், எழுத்து தெரியும். ஒளி நேராக விழுந்தாலோ வானம் மூடியிருந்தாலோ நிழல் மறைந்துவிடும். எழுத்தும் அதோடு மறைந்துவிடும்.

குழிக்குள் வெள்ளைச் சாயம் இருந்தால் ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எழுத்து தெரியும். நிழலை நம்பியிருந்த எழுத்து, நிற வேறுபாட்டை நம்பத் தொடங்குகிறது. வேலை முழுவதும் இதற்காகத்தான்.

ஓலைச்சுவடி அறிந்த நுட்பம்

இந்த நுட்பம் நமக்குப் புதியதன்று. பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் உண்மையில் எழுதவில்லை, கீறினார்கள். கீறிய உடனே பார்த்தால் வெளிறிய ஓலையில் வெளிறிய கோடுகள்தான் இருக்கும். படிப்பது கடினம். எனவே விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஓலை முழுவதும் தடவுவார்கள். பிறகு துணியால் மேற்பரப்பைத் துடைப்பார்கள். மேலே இருந்த கரி போய்விடும். கீறலுக்குள் இறங்கிய கரி தங்கிவிடும். எழுத்துகள் கறுப்பாக எழுந்து நிற்கும்.

நூற்றாண்டுகள் கழிந்த பின் கரி உதிர்ந்து மங்கிய சுவடிகளுக்கு, இன்றும் சுவடிப் பாதுகாவலர்கள் புல்தைலம் பூசி, மீண்டும் கரி ஏற்றுகிறார்கள். கரி போனாலும் கீறல் போவதில்லை என்பதால்தான் இது முடிகிறது. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் குற்றப் புலனாய்வாளர்களுக்கு இதே கருத்து கைகொடுக்கப் போகிறது.

பணத்தாள்கள் பலவற்றில் விரலால் வருடினால் மேடாகத் தெரியும் அச்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பொறிக்கப்பட்ட உலோகத் தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, குழியில் தங்கிய மையைப் பெரும் அழுத்தத்தில் தாளுக்கு மாற்றுகிறார்கள். ஓலையில் மை குழிக்குள்ளேயே தங்குகிறது. பணத்தாளில் மை குழியை விட்டு வெளியே வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

சாயம் குழிக்குள் இறங்குமா?

சாயம் தடவுவது எளிது. அது குழியின் மூலை வரை இறங்கி ஒட்டிக்கொள்வதுதான் கடினம். காரணம், திரவங்களின் பரப்பு இழுவிசை.

மழை பெய்த பிறகு சேம்பிலையைப் பாருங்கள். நீர் உருண்டையாக நின்று உருண்டோடும். அதே நீர் சுத்தமான கண்ணாடியில் தட்டையாகப் பரவும். திரவத்தின் விளிம்பு திடப்பொருளைத் தொடும் இடத்தில் உருவாகும் கோணத்தைத் தொடுகோணம் என்கிறோம். நீரைப் பொறுத்தவரை சேம்பிலையில் அது 90 பாகையைவிட மிக அதிகம். கண்ணாடியில் மிகக் குறைவு. தொடுகோணம் எவ்வளவு சிறிதோ, திரவம் அவ்வளவு நன்றாக நனைக்கும்.

குழி வி வடிவில் இருந்தால் சுவையான ஒரு விதி உண்டு. குழியின் இரு சுவர்களுக்கும் இடையே 60 பாகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 30. இதை 90இலிருந்து கழித்தால் 60. சாயத்தின் தொடுகோணம் இந்த 60 பாகைக்குக் கீழே இருந்தால், யாரும் தள்ளாமலேயே சாயம் குழியின் வழியே தானாக ஓடும். எழுத்தின் ஒரு முனையில் துளியை வைத்தால் மறு முனையை நோக்கி அது நகர்வதைப் பார்க்கலாம். மெழுகுவர்த்தித் திரியில் உருகிய மெழுகு ஏறுவதற்கும், தாவரத் தண்டின் மெல்லிய குழாய்களில் நீர் ஏறுவதற்கும் துணைநிற்கும் அதே நுண்புழை விளைவுதான் இது.

தொடுகோணம் 60ஐத் தாண்டினால் கதை மாறும். சாயம் குழியின் வாயில் பாலம் போல நிற்கும். அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெளியே பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒட்டியிருப்பது இரு விளிம்புகளில் மட்டுமே. ஒருநாள் முழு எழுத்தும் தோல் உரிவது போல உரிந்து வந்துவிடும்.

தொடுகோணத்தைக் கெடுக்கும் முதல் எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. துப்பாக்கி, வெர்னியர் அளவி, கடைசல் இயந்திரம் மூன்றுமே துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசப்படுபவை. விரல் ரேகையில் உள்ள கொழுப்பும் போதும். அதனால்தான் சாயம் நிரப்பும் தொழிலாளர்கள் சாயத்தைத் தொடுவதற்கு முன் குழியை ஆல்கஹால் போன்ற கரைப்பானால் கழுவுகிறார்கள். தூரிகையால் தேய்த்து மூலையில் உள்ள பிசுக்கையும் எடுக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது வெறும் சுத்தம் செய்யும் வேலை. உண்மையில் அவர்கள் தொடுகோணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

துடைப்பதிலும் கணக்கு உண்டு

குழி நிரம்பிய பிறகு மேலே வழிந்த சாயத்தை அகற்ற வேண்டும். மென்மையான துணியால் துடைத்தால் என்ன ஆகும்? துணி வளைந்து குழிக்குள்ளும் இறங்கும். அதன் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருந்த சாயமும் வெளியே வந்துவிடும்.

எனவே துடைப்பது தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். அட்டையின் நேர் விளிம்பு அல்லது ஒரு தட்டையான கட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி இதற்கு ஏற்றது. அது குழியின் இரு கரைகளின் மேலும் பாலம் போலக் கடந்து செல்லும். உள்ளே எட்டிப் பார்க்காது. துடைக்கும் திசையும் முக்கியம். எழுத்தின் கோட்டுக்குக் குறுக்கே துடைத்தால் சாயம் தங்கும். கோட்டின் வழியே துடைத்தால் வாய்க்காலில் நீரைத் தள்ளுவது போலச் சாயமும் தள்ளப்பட்டுவிடும்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

சாயத்தில் பொதுவாக மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தரும் நிறமி, அதைப் பிடித்து வைக்கும் பிணைப்பி, இரண்டையும் ஓட வைக்கும் கரைப்பான். வெள்ளைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் நிறமி.

நகச்சாயம் எப்படிக் காய்கிறது? கரைப்பான் ஆவியாகிப் போகிறது, அவ்வளவுதான். பிணைப்பியின் மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன; ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. அதனால்தான் ஓராண்டு கழித்தும் அசிட்டோன் பட்டவுடன் அது மீண்டும் கரைகிறது.

எனாமல் சாயம் வேறு வகை. கரைப்பான் ஆவியான பிறகும் அதன் வேலை முடிவதில்லை. பிணைப்பியில் உள்ள எண்ணெய்ப் பகுதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தமக்குள் குறுக்குப் பிணைப்புகளை உருவாக்குகின்றன. தனித்தனிக் கயிறுகளாக இருந்தவை ஒரே வலையாக மாறுகின்றன. தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்தது போலத் தோன்றும். முழுமையாக இறுகப் பல நாள்கள் ஆகும். இரு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்சியும் குறுக்குப் பிணைப்பால்தான் இறுகுகிறது.

மெழுகு வண்ணக்கோலைத் தேய்த்து நிரப்பும் எளிய முறையும் உண்டு. எந்த வேதிவினையும் இல்லை. குழிக்குள் மெழுகு அடைத்துக்கொள்கிறது. செய்வது எளிது, அழிவதும் எளிது. பெரும்பாலான மெழுகுகள் 50 முதல் 60 செல்சியஸ் பாகை அளவில் இளகிவிடும். நம் நாட்டு வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு கறுப்பு உலோகப் பொருளை வைத்தாலே அந்த வெப்பத்தை நெருங்கலாம். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் எண்ணெயும் கரைப்பானும் மெழுகைக் கரைத்துவிடும். கண்ணில் படாமல் அழிந்துபோன பாதுகாப்புக் குறி எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்கு. கரைப்பான் ஆவியானால் சாயத்தின் கன அளவு குறையும். ஒரு சாயத்தின் கன அளவில் பாதி கரைப்பான் என்று கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் ஆழக் குழியை விளிம்பு வரை நிரப்பினால், காய்ந்த பின் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அதனால்தான் சில வேளைகளில் இரண்டாம் முறையும் நிரப்புகிறார்கள். ஆனால் இந்தச் சுருக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. சாயம் மேற்பரப்பைவிடத் தாழ்ந்து கிடப்பதால் கையும் துணியும் உறையும் உரசும்போது உலோகமே உரசலைத் தாங்கிக்கொள்கிறது. மேலே பூசிய சாயத்தைவிடக் குழிக்குள் உள்ள சாயம் நீண்டகாலம் நிற்பதற்கு இதுவே காரணம்.

வெப்பமும் சாயத்தைச் சோதிக்கும். எஃகு ஒரு பாகை சூடானால் தன் நீளத்தில் ஏறக்குறைய மில்லியனில் 12 பங்கு நீளும். சாயத்தின் பிணைப்பியான பலபடிப் பொருள்கள் பலவும் மில்லியனில் 50 முதல் 100 பங்கு வரை நீளும். சுடும்போது உலோகம் சூடாகிறது, பிறகு குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் சாயம் எஃகைவிடப் பல மடங்கு விரிய முயல்கிறது. குழியின் சுவரோ அதை விடுவதில்லை. நொறுங்கும் தன்மையுள்ள சாயமாக இருந்தால் விரிசல் விடும். சற்று நெகிழும் சாயமே நிலைக்கும்.

இருட்டில் சிவப்பு எங்கே போகிறது?

சிவப்பு என்றால் ஆபத்து. போக்குவரத்து விளக்கு முதல் தீயணைப்பு வண்டி வரை நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் இருட்டில் சிவப்பு நம்மைக் கைவிட்டுவிடும்.

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் ஒளியை உணர்ந்து நமக்குப் பார்வை தருகின்றன. பகலில் நிறங்களைக் காட்டுபவை கூம்பு செல்கள். அவை ஒட்டுமொத்தமாக 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள் கலந்த பச்சையை மிகப் பிரகாசமாக உணர்கின்றன. மங்கிய ஒளியில் பார்வை தருபவை கோல் செல்கள். அவற்றின் உச்ச உணர்வு 500 நானோமீட்டரை ஒட்டிய நீலம் கலந்த பச்சை. 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை அவை கிட்டத்தட்ட உணர்வதே இல்லை.

அந்தி மங்கும்போது ஒரு செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த பூ கறுத்துவிடும். மங்கலாக இருந்த இலை ஒப்பீட்டில் வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து விளக்கியவர் செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்க்கின்யே. அதனால் இதைப் புர்க்கின்யே விளைவு என்கிறோம்.

இப்போது கறுப்பு உலோகத்தில் உள்ள வெள்ளை எஸ், சிவப்பு எஃப் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். பகலில் இரண்டும் தெரியும். நிலவொளியில் வெள்ளை மட்டும் தெரியும். சிவப்பு கறுப்போடு கலந்துவிடும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சில சிவப்புகள் பகலிலேயே மங்கலாகத் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பி எந்தப் பாதுகாப்புக் குறியும் வடிவமைக்கப்படக் கூடாது. எழுத்து, வடிவம், நெம்புகோல் நிற்கும் கோணம், விரலில் உணரும் தடுப்பு எல்லாம் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். வெள்ளைக் குண்டின் மேல் உள்ள குறுக்குக்குறி இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு. நிறம் தெரியாவிட்டாலும் குறுக்குக்குறி தெரியும். நம் போக்குவரத்து விளக்கில் சிவப்பு எப்போதும் மேலேயே இருப்பதும் இதே சிந்தனைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறி பாதுகாப்பு நிலையைக் காட்டினாலும், எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும் என்பதே உலகெங்கும் முறையான பயிற்சியில் கற்பிக்கப்படும் முதல் விதி. சாயம் நினைவூட்டும்; பொறுப்பை ஏற்காது.

எண்ணுக்குச் சாயம், சட்டத்துக்கு ஆழம்

துப்பாக்கியில் பொறிக்கப்படுபவை பாதுகாப்புக் குறிகள் மட்டுமல்ல. தயாரிப்பாளர் பெயர், குண்டின் அளவு, சோதனை முத்திரை, தொடர் எண் ஆகியவையும் உண்டு. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமம் 1637இல் அரச சாசனம் பெற்றது. 1813இல் பர்மிங்ஹாமில் சட்டப்படி ஒரு சோதனைச் சாலை அமைந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலான வெடிமருந்தை வைத்துச் சுட்டும் குழல் வெடிக்காமல் தாங்கினால்தான் அதில் முத்திரை குத்துவார்கள். வாங்குபவரின் கையும் கண்ணும் அந்த முத்திரையை நம்பியிருந்தன.

இன்று மிக முக்கியமானது தொடர் எண். 2005இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுடும் ஆயுத நெறிமுறை, ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தயாரிக்கும்போதே தனித்த அடையாளம் இடப்பட வேண்டும் என்கிறது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தயாரிப்பாளர், விற்பனையாளர், வாங்கியவர் என்று பின்னோக்கிச் செல்ல முடியும்.

அமெரிக்கச் சட்டம் இதை அளவிலேயே சொல்லிவிடுகிறது. தொடர் எண்ணின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், உயரம் குறைந்தது பதினாறில் ஓர் அங்குலம். நம் அளவில் ஆழம் 0.076 மில்லிமீட்டர், உயரம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். நீங்கள் பயன்படுத்தும் சாதாரணத் தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவு. ஆக, சட்டம் கேட்கும் ஆழம் ஒரு தாளின் தடிப்பைவிடக் குறைவு. எழுத்தின் ஓரத்தில் எழும்பி நிற்கும் உலோகப் பிசிறிலிருந்து இந்த ஆழத்தை அளக்கக் கூடாது. தட்டையான உலோகப் பரப்பிலிருந்துதான் அளக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டம் ஆழத்தைக் கேட்கிறது, சாயத்தைக் கேட்கவில்லை. சாயம் படிக்க உதவும். ஆனால் அடையாளம் என்பது உலோகத்தில் உள்ள பள்ளம். சாயம் போனாலும் எண் நிற்க வேண்டும்.

அழித்த எண் பேசுமா?

எண்ணை அரத்தால் தேய்த்து மட்டமாக்கிவிட்டால்? கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எஃகு மறக்காது.

எண்ணை அச்சால் அடித்துப் பதிக்கும்போது உலோகம் பள்ளமாவதோடு நிற்பதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் உள்ள படிகங்கள் நசுங்குகின்றன. ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த அணுக்களின் வரிசைகள் குலைகின்றன. இப்படிக் குலைந்த பகுதியில் கூடுதல் ஆற்றல் தேங்கியிருக்கும். எனவே அது சுற்றியுள்ள உலோகத்தைவிட வேகமாக வேதிவினை புரியும்.

தடயவியல் ஆய்வாளர் தேய்க்கப்பட்ட இடத்தைக் கண்ணாடி போல மெருகேற்றுகிறார். எஃகாக இருந்தால் செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை மெல்லத் தடவுகிறார். குலைந்த பகுதியும் குலையாத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுகின்றன. மட்டமான எஃகில், பழைய எண் பேய் போல மெல்ல எழுந்து வரும். சில வேளைகளில் அது சிறிது நேரத்திலேயே மறைந்தும்விடும். அதனால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். உலோகத்தைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் துகள்களைத் தூவிப் பார்க்கும் முறையும் உண்டு. குலைந்த இடத்தில் காந்தப்புலம் மாறுபடுவதால் துகள்கள் அங்கே கூடும்.

இந்தத் துறையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கிளந்தான், குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தடயவியல் ஆய்வாளர்கள், எஃகில் பொறித்து அழிக்கப்பட்ட எண்களை அரிப்பு முறையால் மீட்பது குறித்து ஆய்வுக் கட்டுரைகளை அனைத்துலக இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். துப்பாக்கிகளுக்கு மட்டுமல்ல, திருடுபோன வாகனங்களின் இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் மீட்க இந்த அறிவு பயன்படுகிறது. உங்களில் வேதியியலையும் துப்பறிவதையும் ஒருங்கே விரும்புவோர் இருந்தால், இத்துறையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். எனவே இங்கு பேசிய அறிவியலைச் சோதிக்க நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. பனிக்கூழ் டப்பாவின் மூடியே போதும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: தட்டையான நெகிழி மூடி, கவராயம், சில துளி சமையல் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், போஸ்டர் வண்ணம், தடித்த அட்டை, மெல்லிழைத் தாள்.

1. மூடியைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்கு கழுவி உலர்த்துங்கள்.

2. கவராயத்தின் முனையால் ஒரே எழுத்தை நான்கு முறை கீறுங்கள். 'ட' எளிது, நேர்கோடுகள் மட்டுமே. மூடியை மேசைமேல் வைத்து, கையை முனைக்கு எதிரே வைக்காமல் கீறுங்கள்.

3. முதல் இரண்டு எழுத்துகளில் மட்டும் சிறிது எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். மற்ற இரண்டும் சுத்தமாகவே இருக்கட்டும்.

4. நான்கிலும் நீர்த்த போஸ்டர் வண்ணத்தைத் தடவுங்கள்.

5. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை மெல்லிழைத் தாளாலும் மற்றொன்றை அட்டை விளிம்பாலும் துடையுங்கள். இரண்டையும் ஒரே நேரம் காயவிடுங்கள்.

எண்ணெய் பட்ட எழுத்துகளில் வண்ணம் துண்டு துண்டாக உடைந்து நிற்கும். தாளால் துடைத்தவை வெளிறும். சுத்தமான, அட்டையால் துடைத்த எழுத்தே தெளிவாக நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் ஒப்பிட இந்த நான்கு எழுத்து அமைப்பு உதவுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சிந்தித்து எழுதுங்கள்

1. வண்ணத்தில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து சோதனையைத் திரும்பச் செய்தால் முடிவு மாறுமா? ஏன்?

2. கறுப்பு மூடியில் சிவப்பு எழுத்து ஒன்றையும் வெள்ளை எழுத்து ஒன்றையும் நிரப்பி, விளக்கை அணைத்து 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். உங்கள் கண்ணின் எந்தச் செல்கள் வேலை செய்கின்றன?

3. ஓலைச்சுவடியில் மங்கிய எழுத்தை மீண்டும் கரி பூசிப் படிப்பதற்கும், தேய்க்கப்பட்ட எஃகில் அமிலம் பூசி எண்ணைப் படிப்பதற்கும் உள்ள ஓர் ஒற்றுமை, ஒரு வேற்றுமை என்ன?